புனிதம் எங்கே இருக்கிறது?

மனித உடலில் உண்டாகும் புரதத்தைக் கிருமியைக்கொண்டு செய்கிறார்களாம், இது கடவுள் சிருஷ்டியில் கைவைக்கும் பாவமாம், இயற்கையானதே புனிதமாம். இப்படிச் சிலர் பிரசங்கம் செய்து வருகிறார்கள். அந்தப் புனிதத்தின் யோக்கியதையைச் சற்று பார்ப்போம்.

சில குழந்தைகளுக்கு உடல் வளர வேண்டிய புரதம் போதிய அளவு சுரப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள பட்டாணியளவுச் சுரப்பிதான் அதைக் கொடுக்க வேண்டும். மாட்டினுடையதும் பன்றியினுடையதும் மனிதனுக்குப் பலிப்பதில்லை. ஆகவே 1950-களின் கடைசியிலிருந்து மேல்நாட்டு வைத்தியர்கள், செத்தவர்களின் மண்டையிலிருந்து அச்சுரப்பியை எடுத்து, ஆயிரக்கணக்கில் ஒன்றாய்ச் சேர்த்து, சத்தைப் பிரித்துக் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். இதைவிட இயற்கையான மருந்து வேறு உண்டா? கடவுளே செய்த சரக்கல்லவா?

பலன் என்ன? சிறு வயதில் அவ்வூசி போட்டுக்கொண்ட வாலிபர்கள் சிலர், மூளை கடற்பஞ்சுபோல் துளைபட்டு மாண்ட சங்கதி 1985-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. யாரோ ஒரு பிணத்தின் மூளைநோய் அக்கலவை வழியாய்ப் புகுந்து, பல வருஷம் ஒளிந்திருந்து கொன்றது. பிரான்சில் மாத்திரம் 100 பேருக்கு மேல் செத்தார்கள்.

அப்போது கைகொடுத்தது பிரார்த்தனையா? இல்லை. அப்புரதம் 191 கண்ணிகள் கொண்ட சங்கிலி. அதைச் செய்யும் மரபணுவை ஆராய்ச்சிக்காரர்கள் 1979-இலேயே ஈ.கோலை என்னும் குடற்கிருமிக்குள் புகுத்தி வேலை வாங்கியிருந்தார்கள். கிருமி செய்ததில் ஒரு கண்ணி அதிகம், வேலையிலோ குறைவில்லை. 1985 அக்டோபரில் அமெரிக்க சர்க்கார் அதை அனுமதித்தது. அதில் பிணமில்லை, பிணத்தின் நோயுமில்லை. இன்று ஆராய்ச்சிச்சாலைகளில் புது மருந்துகளைச் சோதிப்பதற்கும் இம்முறையில் செய்த மனிதப் புரதங்கள் பயன்படுகின்றன.

மனிதனுடைய கட்டளையைக் கிருமி எப்படிப் படித்தது? இரண்டும் ஒரே எழுத்தால் எழுதப்பட்டிருப்பதால்தான். மனிதனைக் கடவுள் தனியாய்ப் படைத்தார் என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

நிற்க, வியாபாரிகளைப் பூஜை செய்யும்படி நாம் சொல்லவில்லை. அம்மருந்தை அனுமதியில்லாத காரியங்களுக்கு விற்கத் தூண்டிய கம்பெனி, 1999-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் கட்டியது. அதையும் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால், திருடன் கையில் விளக்கிருக்கிறது என்று விளக்கையா உடைப்பது?

தோழர்களே! எவராவது ஒன்றைப் புனிதம் என்று சொன்னால், அதனால் பிழைத்தவர் எத்தனை பேர், செத்தவர் எத்தனை பேர் என்று கணக்குக் கேளுங்கள். கணக்குக் காட்ட மறுப்பவனிடம் உங்கள் குழந்தையை ஒப்புவிக்காதீர்கள்.