கரையில் நடைபாதை, ஏரியில் சேறு! அடையாறு யாருக்கு?

 

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அடையாறு சீரமைப்புக்கு 1,500 கோடி ரூபாய்த் திட்டம் என்று அறிவித்தார்கள். தனியார் பங்கும் உண்டாம், பூங்கா, நடைபாதை எல்லாம் வருமாம். வரட்டும். கரையில் மரம் வச்சா நமக்கென்ன வயித்தெரிச்சலா? மரம் வளர்க்கிறது நம்ம தொழில்தானே!

ஆனால் ஆறு பட்டினப்பாக்கம் கடற்கரையிலா பிறக்குது? ஆதனூர், மணிமங்கலம் ஏரித் தண்ணியும் செம்பரம்பாக்கம் உபரியும் சேர்ந்துதான் அடையாறு. வரத்துக்கால் பிளாட்டாகி, மதகு பழுதாகி, ஏரி தூர்ந்து கிடந்தால் ஆத்துல மழைக்கு வெள்ளம், மத்த நாளெல்லாம் சாக்கடை. அதுக்குப் பக்கத்துல நடைபாதை போட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு நடக்கவா?

2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி பாய்ந்தது. அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. அது மனிதர் செய்த பேரழிவு என்று 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையே சொன்னது.

ஆற்றை அடைத்தது யார்? விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றுக்கு மேலேயே போகிறது. அதை ஆக்கிரமிப்பு என்று எந்த அதிகாரியாவது சொன்னதுண்டா? 2025 மே மாதம் அனகாபுத்தூரில் ஏழைகளின் வீடுகள் மேல்தான் பொக்லைன் ஏறியது.

நொச்சிக்குப்பத்தைப் பாருங்கள். வலை காயவைத்த மணலில் லூப் ரோடு போட்டார்கள். 2023 ஏப்ரலில் அந்த ரோட்டோரம் மீன் விற்ற பெண்களின் கடைகளைக் கோர்ட்டு உத்தரவு என்று அகற்றினார்கள். சாலை மறியல் செய்து போராடினார்கள் அந்த மக்கள். 2024-ல்தான் மீன் அங்காடி திறந்தது. முதலில் அங்காடி, பிறகு அகற்றல் என்று செய்ய என்ன தடை?

அவர்களும் நாமும் ஒரே தண்ணியை நம்பிப் பிழைக்கிறவர்கள். மேலே ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால்தான் கீழே முகத்துவாரத்து மணல் திட்டு உடையும். உடைந்தால்தான் இறாலும் மடவையும் உள்ளே ஏறும்.

கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறந்தார்கள். குப்பை கிடந்த இடத்துக்குப் பறவை வருது, நல்ல வேலைதான். ஆனால் ரொம்ப வருஷம் முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியல. அடுத்த பூங்காவும் அப்படித்தானா?

வேலையை ஏரியிலிருந்து தொடங்கு! வரத்துக்காலை அளந்து கல் நடு! கரையைப் பிடிக்கும் பனையும் நொச்சியும் வை, அலங்காரப் புல் வேண்டாம்! திட்டக் குழுவில் ஆயக்கட்டு விவசாயியையும் குப்பத்து மீனவரையும் உட்கார வை!

வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் மறுத்துவிடுங்கள். நகல் ஒன்று கையோடு வாங்கி வாருங்கள்.