உபாத்தியாயருக்கு மாலை! சமையல்காரிக்கு மாற்றல்!

பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர்களும் மற்றச் சிப்பந்திகளும் மனக்கசப்பின்றி வேலை செய்வதற்கேற்ற நல்ல சூழ்நிலை வேண்டுமென்று இப்பொழுது எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால், அந்தச் சூழ்நிலை எதனால் கெட்டுக்கிடக்கிறது என்பதைப்பற்றி மாத்திரம் பேசுகிறவர்கள் வாய் திறப்பதில்லை.

1962 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினம் என்பதாக ஒரு திருவிழா நடந்து வருகிறது. அன்று உபாத்தியாயர் “குரு” ஆகிவிடுகிறார், தெய்வத்துக்குச் சமமாகிவிடுகிறார், மாலை விழுகிறது. இந்தப் பூசையின் சூழ்ச்சியைக் கவனியுங்கள். தெய்வம் சம்பளம் கேட்கலாமா? தெய்வத்துக்கு வயிறுண்டா? 2012-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் ஓவியம், தேகப்பயிற்சி முதலியவை கற்பிக்க 16,000-க்கு மேற்பட்டவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு, “பகுதிநேர” ஆசிரியர்கள் என்ற பெயரால் நியமித்தார்கள். வேலைதான் பகுதிநேரமே தவிர, அவர்களுடைய பசியும் வாடகையும் பிள்ளைகுட்டிகளும் முழுநேரமல்லவா?

நிற்க. குரு என்ற பட்டமாவது உபாத்தியாயருக்கு உண்டு. சோறு ஆக்குகிறவருக்கும் கூட்டிப்பெருக்குகிறவருக்கும் என்ன உண்டு? 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் சர்க்கார் பள்ளிக்கு ஒரு சத்துணவுச் சமையல்கார அம்மாள் வேலைக்கு வந்தார். அவர் சமைக்கக்கூடாதென்று ஊரிலுள்ள மேல்ஜாதிக்காரர்கள் தகராறு செய்தார்கள். சோறு வேகவில்லையா? குழம்பில் புழு கிடந்ததா? ஒன்றுமில்லை. அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்பதுதான் குற்றம்! அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தகராறு செய்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாளையே மாற்றினார்கள். கிளர்ச்சி கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தாயிற்று. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், காலை உணவை ஒரு தாழ்த்தப்பட்ட பெண் சமைப்பதால் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாதெனச் சில பெற்றோர்கள் தடுத்தார்கள். கலெக்டரே நேரில் சென்று அந்த உணவைத் தின்று காட்டவேண்டியதாயிற்று. ஒரு பெண் ஆக்கிய சோறு சோறுதான் என்று ருசுப்பிக்க ஒரு ஜில்லா கலெக்டர் வேண்டியிருக்கிறதென்றால், நமது யோக்கியதையை என்னென்று சொல்வது?

“பெற்றோர் விரும்பாவிட்டால் பள்ளிக்கூடம் என்ன செய்யும்?” என்று சிலர் கேட்கலாம். கணக்கில் இரண்டும் இரண்டும் நான்கு என்பதைப் பெற்றோர் விரும்பாவிட்டால் ஐந்து என்று சொல்லிக்கொடுப்பார்களா? தீண்டாமை பெருங்குற்றமென்று பாடப்புஸ்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்ததைச் சமையற்கட்டிலே அழித்துவிட்டால், பிள்ளை எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளும்? கண்ணால் கண்டதைத்தான் கற்றுக்கொள்ளும். சமையல்காரியை ஜாதி சொல்லி விரட்டலாமென்று கண்ட பிள்ளை, நாளைக்கு உபாத்தியாயரின் ஜாதியையும் விசாரிக்கும். கூட உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் வெட்டத் துணியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது அதுதானே? அதன் பிறகு ஏற்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமுள்ள ஜாதிக்காரரை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் போடக்கூடாதென்று சிபாரிசு செய்திருக்கிறது. ஊர் ஜாதியின் அதிகாரமே பள்ளியின் அதிகாரமாகவும் இருக்குமானால், அங்கே சிப்பந்திக்கு நியாயம் கேட்க இடமேது?

ஆகவே நாம் கேட்பது மிகவும் சிறிய காரியம். மாலையை நிறுத்துங்கள், வேலைக்கேற்ற சம்பளத்தைக் கொடுங்கள். சிப்பந்தியின் ஜாதியைச் சொல்லித் தகராறு செய்கிறவன் எவனாயிருந்தாலும் அவன்மீது வழக்குத் தொடருங்கள், சிப்பந்தியை மாற்றாதீர்கள். சமையல்காரி ஆக்கிய சோற்றைத் தலைமையாசிரியரும் உபாத்தியாயர்களும் பிள்ளைகளோடு அதே பந்தியில் தினமும் உட்கார்ந்து உண்ணட்டும். இதற்குக் கமிட்டியும் வேண்டாம், பணமும் வேண்டாம். மானமும் அறிவும் இருந்தால் போதும். இதைச் செய்யாமல் நல்ல சூழ்நிலை என்று பேசுவதெல்லாம் சுத்தப் புரட்டேயாகும்.