சிசி ஏத்தலாம் மச்சி, ஆனா முதல்ல அள!

நம்ம டிபார்ட்மென்ட் கேன்டீன்ல ஒரு பழைய கார் பத்தி பேச்சு வந்தா, பத்தாவது நிமிஷம் யாராவது ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான்: "போர் பண்ணி பெரிய பிஸ்டன் போட்டா போதும்டா, வண்டி பறக்கும்." ரெண்டு வருஷம் முன்னாடி அதைச் சொன்னவன் நான்தான். அதனால இந்தக் கட்டுரையை அறிவுரையா எடுத்துக்காதீங்க. ஒரு வாக்குமூலம்னு வச்சுக்கலாம்.

சேலத்துல என் நண்பன் வீட்டுல அவன் தாத்தாவோட பிரீமியர் பத்மினி நின்னுட்டு இருந்தது. ஃபியட்டின் பழைய 1100 எஞ்சின். 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், 1089 சிசி. இதே போர், இதே ஸ்ட்ரோக் 1937-லேயே ஃபியட்டில் வந்துவிட்டது. அதே குடும்பத்தில் போரை 72 ஆக்கி 1221 சிசி எஞ்சினையும் ஃபியட் விற்றது. "கம்பெனிக்காரனே நாலு மில்லிமீட்டர் ஏத்தியிருக்கான், நாம ஒன்றரைதானே ஏத்தப் போறோம்?" இதுதான் எங்க வாதம். 69.5 போர் போட்டால் 1138 சிசி. பேப்பரில் 49 சிசி லாபம்.

லேத் பட்டறை அண்ணன் எங்களைப் பார்த்து முதலில் கேட்டது, "தம்பி, எஞ்சின்ல என்ன கோளாறு?" ஒண்ணும் இல்லண்ணா, பவர் வேணும் என்றோம். அவர் போர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இது ஏற்கனவே ஒரு தடவை அரை மில்லிமீட்டர் ரீபோர் ஆன பிளாக். ரிங் மாத்தி ஓட்டுங்க, போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாங்க கேக்கல. வேற பட்டறையில செஞ்சோம்.

மூணே வாரம். ஏற்காடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போச்சு, வெள்ளைப் புகை வந்தது. ஹெட் கேஸ்கட் மட்டும்தான் போயிருக்கும்னு நெனச்சோம். பிரிச்சுப் பார்த்தா மூணாவது சிலிண்டர் சுவரில் மயிரிழை வெடிப்பு. பல வருஷம் தண்ணி ஓடி வெளிப்பக்கம் துரு அரிச்ச சுவரை, நாங்க உள்பக்கமாவும் சீவியிருக்கோம். தாத்தா எங்களைத் திட்டல. வண்டி மேல தார்ப்பாயை இழுத்துப் போர்த்திட்டு உள்ளே போயிட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்கு போட்டேன். பிளாக் ஏற்கனவே 68.5-ல் இருந்ததால அது அப்பவே சுமார் 1106 சிசி. ஆக, நாங்க ஏத்தினது 49 இல்ல, வெறும் 33 சிசி. மூணு சதவீதம்! டிக்கியில ஒரு மூட்டை அரிசி ஏத்தினா அந்த லாபம் காணாமப் போயிடும். இந்த மூணு சதவீதத்துக்காக ஒரு பிளாக்கைக் கொன்னோம்.

இதுல எனக்குப் புரிஞ்ச முதல் விஷயம்: ரீபோர் என்பது ஒரு வைத்தியம். தேய்ந்து முட்டை வடிவமான சிலிண்டரைத் திரும்ப வட்டமாக்குவதுதான் அதன் வேலை. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் கடையில் கிடைப்பது அந்த வைத்தியத்துக்காக. அதை பவர் ஏத்தும் மருந்தாக நினைப்பதுதான் நம்ம தப்பு.

சரி, உண்மையிலேயே சிசி ஏத்தணும்னா? கம்பெனிகள் எப்படி ஏத்துறாங்கன்னு பாருங்க. மாருதியின் கே வரிசை எஞ்சின் நம்ம ரோட்டில் தினமும் ஓடுது. 1197 சிசியில் போர் 73, ஸ்ட்ரோக் 71.5. 2012-ல் வந்த எர்டிகாவின் 1373 சிசியில் போர் அதே 73, ஸ்ட்ரோக் மட்டும் 82. அடுத்து 1462 சிசி: போர் 74, ஸ்ட்ரோக் 85. 1197-லிருந்து 1462 வரை ஏறியதில் போரின் பங்கு ஒரே ஒரு மில்லிமீட்டர். மீதியெல்லாம் ஸ்ட்ரோக்.

அப்போ நாமளும் ஸ்ட்ரோக்கை ஏத்திடலாமா? அங்கதான் நம்ம ரெண்டு மார்க் ஃபார்முலா கைவிடுது. ஸ்ட்ரோக் 10.5 கூடினா கிராங்க் 5.25 மில்லிமீட்டர் கூடுதலா வீசும். பழைய ராட், பழைய பிஸ்டனையே போட்டால் பிஸ்டன் அதே 5.25 அளவு மேலே வந்து ஹெட்டை முட்டும். அதைத் தவிர்க்க ராட் நீளமோ, பிஸ்டன் பின் இருக்கும் உயரமோ, பிளாக் உயரமோ மாறணும். அதைச் சரி பண்ணினாலும் கம்ப்ரஷன் இருக்கு. 1197 சிசியில் ஒரு சிலிண்டர் சுமார் 299 சிசி. கம்ப்ரஷன் 10-க்கு 1 என்று வைத்துக்கொண்டால் மேலே மிஞ்சும் இடம் 33 சிசி. அந்த இடத்தை அப்படியே விட்டு ஸ்ட்ரோக்கை 82 ஆக்கினால் கம்ப்ரஷன் 11.3-ஐத் தொடும். சாதா பெட்ரோலில் நாக்கிங் வர நல்ல வாய்ப்பு. 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகமும் நொடிக்கு 14.3 மீட்டரிலிருந்து 16.4 மீட்டராகும். இவ்வளவும் செஞ்ச பிறகு வால்வும் கார்புரேட்டரும் பழசாவே இருந்தா, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடும். மேலே மூச்சு முட்டும்.

"இதெல்லாம் பார்த்தா யாரும் எதுவும் செய்ய முடியாது, சோழவரம் ரேஸ்ல பத்மினி ஓட்டினவங்க எல்லாம் பயந்தாங்களா?" என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி. பயப்படல. ஆனா ரேஸ் எஞ்சினை அடிக்கடி பிரிச்சு அளந்து பார்ப்பாங்க. அது உடையும்னு தெரிஞ்சுதான் ஓட்டுவாங்க. அதுல குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஏற்காடு போக மாட்டாங்க.

ரோடு வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்சி புக்கில் சிசி அச்சாகியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான்.

அதுக்காக யாரும் எஞ்சினைத் தொடாதீங்கன்னு நான் சொல்ல வரல. எலக்ட்ரிக் வண்டி வந்தாச்சு, இதெல்லாம் எதுக்குன்னு கேக்குறவங்க கூடவும் எனக்கு உடன்பாடு இல்ல. சிசி ஏத்துற ஒரே வேலையில தெர்மோ, மெஷின் டிசைன், மெட்டலர்ஜி, மெட்ராலஜி நாலும் ஒண்ணா வருது. இதைவிட நல்ல பாடம் எங்க கிடைக்கும்?

என் கோரிக்கை இதுதான். நம்ம லேப் ஓரத்துல துணி போர்த்தி நிக்கிற பழைய நாலு சிலிண்டர் எஞ்சினை ஒரு டீமுக்குக் கொடுங்க. முதலில் போர், டேப்பர், ஓவாலிட்டி, சுவர் தடிமன் எல்லாத்தையும் அளக்கட்டும். அப்புறம் ஏத்தட்டும், டைனமோமீட்டரில் ஓட்டட்டும். உடைஞ்சா உடையட்டும், ஏன் உடைஞ்சதுன்னு ரிப்போர்ட் எழுதட்டும், அதுக்கும் மார்க் கொடுங்க. கூடவே அந்த முதல் பட்டறை அண்ணன் மாதிரி ஒருத்தரை வருஷத்துக்கு ஒரு நாளாவது கெஸ்ட் லெக்சருக்குக் கூப்பிடுங்க. ஒரே ஒரு போர் கேஜை வச்சுக்கிட்டு அவர் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சதை நாங்க ரெண்டு செமஸ்டர் படிச்சும் கண்டுபிடிக்கல.

பத்மினிக்கு இப்போ வேற பிளாக் தேடிக்கிட்டு இருக்கோம். கிடைச்சா 68-லயே விடப்போறோம். தாத்தாவுக்கு அது போதுமாம்.

- இயந்திரப் பொறியியல், இறுதியாண்டு மாணவன்