கேட் கீப்பரும் முதலீடுதான்

திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையின் நீளம் 149 கிலோமீட்டர். அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2012இல் மூடினார்கள். காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2018இலும், திருவாரூர் வரை 2019இலும் திறந்தார்கள். அத்தனை ஆண்டு காத்திருந்து கிடைத்த அந்தப் பயணிகள் வண்டிக்கு முழுத் தூரத்தையும் கடக்க ஆறு மணி நேரம் ஆனது.

பாதையில் எந்தக் குறையும் இல்லை. புதுத் தண்டவாளம், புது நடைமேடை, புது வண்டி. வழியில் இருந்த எழுபதுக்கும் மேற்பட்ட லெவல் கிராசிங்குகளுக்குத்தான் ஆள் போடவில்லை. அதனால் கேட் கீப்பர்கள் வண்டியோடு கூடவே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்னாலிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். தாண்டியதும் மறுபடி நிற்கும். பின்னாலிருந்து இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். பிறகு அடுத்த கேட். காலையில் திருவாரூரில் ஏறியவர் காரைக்குடியில் இறங்கும்போது மதியம் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ கல்லூரிக்கோ போகிற யாரும் அதை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது.

பேராவூரணிப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அறந்தாங்கியில் வேலை பார்த்த காலத்தில் இதே பாதையில் ஓடிய மீட்டர் கேஜ் வண்டியில்தான் போய்வந்தேன். அந்த வண்டியும் மெதுவாகத்தான் போகும். ஆனால் பள்ளிக்கு முதல் மணி அடிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்படிப்பட்ட பாதைகளில் கூட்டம் இல்லையே, எதற்குக் கூடுதல் வண்டி என்று கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழாக நிற்கிறது. வேலை நேரத்துக்குப் பொருந்தாத வண்டியில் யார் ஏறுவார்கள்? பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறினாலும் பரவாயில்லை என்றுதான் போவார்கள். பிறகு அந்தக் காலி இருக்கைகளையே காட்டி, அடுத்த வண்டி தேவையில்லை என்று சொல்லிவிட முடிகிறது. கொரோனா காலத்து நிறுத்தத்துக்குப் பிறகு கேட்டுகளுக்கு ஆள் வந்தார்கள், பயண நேரமும் குறைந்தது. 2023 ஏப்ரலில் தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயில் இந்த வழியாக வந்தது. அதே நாளில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் பாதையும் உயிர்பெற்றது. எல்லாம் நல்லதுதான், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் சென்னைக்குப் போகிற வண்டி வேறு, பக்கத்து ஊருக்குப் போகிற வண்டி வேறு. உள்ளூர்க்காரர்கள் அன்றாடம் போய்வர ஓடுகிற வண்டிகளை இன்னமும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தப் பாதை யார் பணத்தில் பிறந்தது என்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை இதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. அதற்காக மாவட்டத்து நிலக்காரர்களிடம் தனி வரி வசூலித்தது. அடுத்த பத்தாண்டில் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று பாதை நீண்டது. ஒரு மாவட்ட நிர்வாகம் தன் ஊர்களுக்குள் மனிதரும் நெல்லும் போய்வருவதற்காகத் தானே ரயில் பாதை போட்டது. எங்கள் மாணவர்களுக்கு இந்தக் கதையைப் பெருமையோடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது தமிழக அரசு சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம் தடங்களில் மண்டல அதிவேக ரயிலுக்கு ஆய்வு செய்கிறது. முன்மாதிரி டெல்லி–மீரட் தடம். 82 கிலோமீட்டருக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்ட திட்டம் அது. கிலோமீட்டருக்கு 350 கோடிக்கும் அதிகம். அந்த நகரங்களின் நெரிசலுக்கு அது தேவையாக இருக்கலாம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் டெல்டாவில் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. பெரும்பணம் செலவாகி முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஆள், வண்டி, நேர அட்டவணை. இவற்றுக்கான செலவை நிர்வாகச் செலவு என்று ஒதுக்காமல் முதலீடு என்ற கணக்கில் கொண்டுவர வேண்டும். கேட் கீப்பர் இல்லாமல் கோடிகளில் போட்ட பாதை எப்படி முடங்கும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை கட்டினால் மழைத்தண்ணீர் வடியவும் வழி செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசி மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும்.

2018 கஜா புயலில் தென்னையை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று படிப்பையும் சம்பளத்தையும் நம்பியிருக்கிறார்கள். திருவாரூர் பக்கம் மத்தியப் பல்கலைக்கழகம், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம். பாதையின் இரண்டு முனையிலும் படிப்பு இருக்கிறது, நடுவில் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுதிச் செலவுக்கு வழியில்லாமல், நன்றாகப் படிக்கிற பெண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த பாடத்தில் சேர்த்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

கேட்பது இவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்குள் திருவாரூரைத் தொடும் ஒரு வண்டி, காரைக்குடியைத் தொடும் ஒரு வண்டி, இரண்டும் மாலை ஐந்தரைக்கு மேல் திரும்ப வேண்டும். ரயில்வேக்கு நட்டம் வந்தால் முதல் ஐந்தாண்டுக்கு மாநில அரசு பங்கு ஏற்கட்டும். அடுத்ததாக, தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை புதுப் பாதை. மாவட்டத் தலைநகருக்கும் அங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நாங்கள் ரயிலில் போக வேண்டுமென்றால் இன்றைக்குத் திருவாரூரைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.