இந்த வார வானிலை: கடலோரம்தானே என்று இருக்காதீங்க!

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. சென்னை முதல் நாகை வரை, இந்தப் பருவத்தின் வழக்கப்படி வறண்ட வானிலைதான். மழையை எதிர்பார்க்க வேண்டாம்.

‘வேலூர்ல 40 டிகிரி, நமக்கு 36தானே’ என்று நிம்மதி அடையாதீர்கள். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை சீக்கிரம் காயாது, உடல்சூடும் தணியாது. சமவெளியில் 40 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை கணக்கில் வரும். கடலோரத்திலோ 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினாலே வெப்ப அலைதான்.

மதியம் கடல்காற்று வந்தால் வெக்கை குறையும். மேற்குத் தரைக்காற்று பலமாக வீசும் நாளில் அது தாமதமாகும். அன்றுதான் கூடுதல் கவனம் தேவை.

வீட்டுப் பெரியவர்கள் ‘தாகமே இல்லை’ என்பார்கள். நம்பாதீர்கள், நீர்மோர் டம்ளரைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள்!