நம் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானை என்று சப்ரகமுவவின் தோட்டங்களில் பிள்ளை வளர்க்கிற அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

டவுனுக்குப் போன பிள்ளையை யாராவது ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்லிவிட்டால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். பஸ்ஸில் தமிழ் பேசினால் திரும்பிப் பார்க்கிறார்கள், கந்தோரில் சிங்களம் தெரியாவிட்டால் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்கள், தோட்டத்து விலாசத்தைக் கண்டதும் வேலை தருகிறவரின் முகம் மாறுகிறது என்று முறையிடுகிறோம். எல்லாம் உண்மை. ஆனால் அன்று பின்னேரமே பிள்ளை, ‘கீழ்ச்சாதி’ என்று நாம் ஒதுக்குகிற பணிய லயத்துக் கூட்டாளி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தால், “அவங்க என்ன ஆளுகன்னு தெரியாதா ஒனக்கு? உள்ளுக்குக் கூட்டிட்டு வராத” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பது யார்? டவுன்காரரா, தொரையா?

பிள்ளை மடுவத்தில் ஒரே ஏணையில் மாறி மாறித் தூங்கி வளர்ந்த குழந்தைகள் இவர்கள். ஐந்து வயது வரைக்கும் ஒருவர் கடித்த மாங்காயை ஒருவர் வாங்கித் தின்றவர்கள். ஆறாவது ஏழாவது வயதில் திடீரென்று யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் குடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இது இல்லை. எந்த வாத்தியார் சொல்லித் தந்தாலும் இவ்வளவு சீக்கிரம் மனதில் பதியாது. இது நம் வாயிலிருந்து போனது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு இஸ்தோப்பில் பின்னேர வகுப்பு நடந்தது. பிள்ளைகளுக்குப் பாய் விரித்திருந்தார்கள். பணிய லயத்துப் பிள்ளை ஒருத்திக்கு மட்டும் படிக்கட்டு ஓரமாக ஓர் உரப்பை. யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை, அவளே போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கே உட்கார வேண்டும் என்று வீட்டிலேயே அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். வகுப்பு நடுவில் வீட்டுக்கார அம்மா எல்லோருக்கும் சாயத்தண்ணி கொடுத்தார். மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். அவளுக்கு ஒரு யோகட் கப். குடித்து முடித்ததும் அதை வேலிப் பக்கம் எறிந்துவிட்டு வந்து, கணக்குக் கொப்பியைத் திறந்துகொண்டாள். வகுப்பில் கணக்கு நன்றாக வந்தது அவளுக்குத்தான். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டாள். இப்போது விடியற்காலையில் அம்மாவோடு இறப்பர் மலைக்குப் போய்ச் சிரட்டை துடைத்துக் கொடுக்கிறாள். ‘அதுக்குப் படிப்பு ஏறல’ என்று அந்த வீட்டுக்கார அம்மாவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்தவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர் என்று அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். அவர்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணிமார் பெரும்பாலும் மேல்சாதிக்காரர். சாதி சாதியாகப் பிரித்துக் குடிவைத்தால் ஆள்வது லேசு என்று வெள்ளைத் தொரைமாருக்கும் தெரிந்திருந்தது. கடனாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதபடி துண்டு முறையால் கட்டி வைத்தார்கள். அந்தத் துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. பெரிய கங்காணியின் காலமும் முடிந்தது. அவர் வகுத்து வைத்த லய ஒழுங்கை மட்டும் நூறு வருடத்துக்குப் பிறகும் நாம் கட்டிக் காக்கிறோம், சம்பளம் இல்லாமல்.

1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது நம்மில் எந்தச் சாதிக்கு அது தனிச் சலுகை காட்டியது? 1964இல் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் தலையை எண்ணிப் பிரித்தார்களே, அதில் யாருடைய குடும்பம் பிரியாமல் தப்பியது? 1981 ஆகஸ்டுக் கலவரத்தில் இரத்தினபுரி, பலாங்கொடை, காவத்தைப் பக்கத்தில் லயங்களைக் கொளுத்தியவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே ஆட்கள்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடியவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். அன்று இரவு யார் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள், யார் மடியில் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள் என்று கேளுங்கள். 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியபோது உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் அழுகையும் ஒரே அழுகைதான்.

“நாங்க சாதியெல்லாம் பாக்கிறதில்ல, நாலு பேரு பேசுவாங்க” என்கிறோம். அந்த நாலு பேர் யார்? ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான், எதிர்க் காம்பராவில் இரண்டு பேர். “அவங்ககிட்ட சுத்தம் இல்ல” என்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே, ஒரே பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிறோம். நம் எல்லோரையும் பற்றி டவுனில் சொல்வதும் இதையேதான்.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2021 வரை வருடக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தோம். அப்போது தோளோடு தோள் நின்றவருடைய மகனை உங்கள் மகள் விரும்பினால் மட்டும் வீட்டில் மருந்துப் போத்தலைக் கையில் எடுக்கிறீர்கள். பயந்துபோன பிள்ளைகள் இரவோடிரவாகக் கொழும்புக்கு ஓடுகிறார்கள். அங்கே கார்மென்ட்ஸ் வேலை, வாடகை அறை, பிள்ளைப்பேறுக்குக்கூடப் பக்கத்தில் தாய் இல்லாத நிலை. மகளை இப்படித் தொலைத்துவிட்டு மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து என்ன பயன்?

பையன்களின் போனையும் ஒரு தரம் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் சாதிப் பெருமைப் பாட்டும் அரிவாள் தூக்கிய படமும் நம் லயத்துக் காம்பராவுக்குள் வந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஒரு தலித் மாணவனை அவனுடைய பள்ளிக்கூடப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு விசாரிக்கச் சொன்ன ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிற்றை மாணவர்கள் கையில் கட்டத் தடைபோட வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். நம் பாட்டன்மார் விட்டுவிட்டு ஓடி வந்த ஊர்களில் நடக்கிற கதை இது. அதைக் காசு கொடுத்து டேட்டா போட்டு இங்கே இறக்கிக்கொள்கிறோம்.

இலங்கையில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கோயிலிலோ கடையிலோ பள்ளிக்கூடத்திலோ தடுப்பது குற்றம் என்கிறது அது. பொலிசுக்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கிளாஸை மாற்றுவதற்குப் பொலிஸ் எதற்கு?

பின்னேரம் வருகிற பிள்ளைக்கு உங்கள் பிள்ளை குடிக்கிற கிளாஸிலேயே சாயத்தண்ணி கொடுங்கள். பாயில் இடம் விடுங்கள். “நம்ம என்ன ஆளுக?” என்று மகன் கேட்டால் தாத்தா பால் வெட்டினார், பாட்டி கொழுந்து எடுத்தார், இருவரும் வாக்குரிமை இல்லாமலே வாழ்ந்தார்கள் என்று சொல்லுங்கள். பணிய லயத்து அம்மாமாருக்கும் ஒன்று சொல்கிறேன்: படிக்கட்டில் உட்காரு என்று பிள்ளையைப் பழக்கி அனுப்பாதீர்கள். அவமானம் வராமல் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் வேண்டாம்.

திருவிழாக் கூட்டத்துக்கு வரிப்பணம் கொடுக்க எல்லா லயத்து ஆட்களும் வருகிறார்கள். கமிட்டியில் பேர் எழுதும்போது மட்டும் பணிய லயம் விடுபட்டுப் போகிறது. தப்படிக்கிறவர் விடியும்வரை வெளியே நின்று அடிக்கிறார், கரகம் உள்ளே போகிறது. இந்த வருடக் கூட்டத்தில் அதை எழுந்து நின்று கேளுங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.