விசிறி ஒன்று, ஆணை ஐந்து: கைகோவாக் கொள்கைகளின் கேடு

கோடை வந்தால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என நீளும் சென்னைத் தென்புறநகரில் மின்விசிறி ஓயாத வீடில்லை. ஏழையின் ஓட்டு வீட்டிலும் அடுக்ககத்திலும் சுழலும் பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்னாற்றலை உண்கிறது. அதே காற்றை 30 வாட் அளவில் தரும் நுட்பம் இன்று உண்டு. அதனைச் செய்துகாட்டிய ஊரும் தமிழ்நாட்டில் உண்டு. ஆயினும் அவ்விசிறி எளியோர் வீட்டுக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. ஏன்? அறிவுக்குப் பஞ்சமா? அன்று! ஆட்சியாளரின் கொள்கைகள் ஒன்றோடொன்று கைகோவாமையே கரணியம்.

பழைய விசிறியின் தூண்டல் இயக்கியில், செலுத்தும் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாய் வீணாகிறது. சுழலியில் நிலைக்காந்தம் பொருத்தி, மின்னணுச் சுற்றால் அதனை இயக்கினால் அவ்வீண்மை பெரிதும் குறையும். இம்முறையில் 35 வாட் கூரை விசிறியைக் கோவையின் வெர்சா டிரைவ்சு நிறுவனம் 2012-இல் 'சூப்பர்பேன்' என விற்பனைக்குக் கொணர்ந்தது. பெயர் ஆங்கிலமாயினும் ஆக்கம் தமிழ்நாட்டினது.

அதே காலத்தில் தமிழக அரசு செய்தது என்ன? 2011 செபுதம்பர் 15-இல் விலையில்லா மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கட்கு மேசை விசிறி சென்றது. எந்த ஆலைக்கும் எளிதிற் கிட்டாத பெருங்கொள்முதல் அது! 'பாதி மின்னாற்றலில் ஓடும் விசிறி செய்து வருவோர்க்கே இக்கொள்முதல்' என்று ஒரு நெறி வகுத்திருந்தால், கோவையிலும் அம்பத்தூரிலும் புதிய இயக்கி செய்யும் பட்டறைகள் எத்துணை எழுந்திருக்கும்! எத்தனை விசிறி என்பதே பேச்சாயிற்று. எத்தகைய விசிறி என்பது பேச்சாகவில்லை.

புதிய நுட்பத்தின் விலை மிகுதியே என்பர் சிலர். அவர்க்கு எல்.இ.டி. விளக்கே விடை. புதுச்சேரியில் 2014-இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய நடுவணரசின் மொத்தக் கொள்முதலில், அவ்வாண்டு 310 உருபாவாயிருந்த ஒரு விளக்கின் கொள்முதல் விலை 2016-இல் 38 உருபாவாயிற்று. உலகச் சந்தையில் விலை வீழ்ந்ததும் துணைசெய்தது. எனினும் கோடிக்கணக்கில் வாங்குவோம் என்ற உறுதியும் ஒளிவிலாப் போட்டியுமே ஆலைகளை முடுக்கின. அவ்வாறு வளர்ந்த விளக்கின்மீது 2022 சூலையில் வரியை 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தினர்! ஒரு கையால் நட்டு, மறுகையால் பிடுங்கும் ஆட்சிக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, 2016 மே திங்களில் வந்த 100 அலகு ஆணையைக் காண்க. இரு திங்கட்கு 100 அலகு மின்னாற்றல் வீடுகட்கு விலையின்றி என்றனர். எளியோர்க்கு அது வேண்டுவதே. அதனைப் பழிப்பார் பழிக்கட்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 12 மணிநேரம் ஓடும் 75 வாட் விசிறி இரு திங்களில் 54 அலகு உண்ணும். 30 வாட் விசிறி உண்பது 22 அலகுக்கும் குறைவு. பழைய விசிறி இரண்டுக்கே போதாத அந்த 100 அலகில், புதிய விசிறி நான்கு ஓடும்! ஆயின், 100 அலகுக்குள் வாழும் குடும்பம் புதியதை வாங்கினால் அதற்கு ஒரு காசும் மிஞ்சாது; மிச்சம் முழுதும் மின்வாரியத்திற்கே. மிச்சம் பெறுவோர் விலையின் மிகையை ஏற்பதன்றோ நயன்மை? விலையில்லா மின்னாற்றலோடு சிக்கன விசிறியையும் சேர்த்துத் தந்திருந்தால் ஏழைக்கும் நலம், வாரியத்திற்கும் நலம், ஆலைக்கும் வளம்.

தரமணி ஆராய்ச்சிப் பூங்காவைக் கொண்ட சென்னை ஐ.ஐ.டி.யில், கதிரவன் தரும் நேர்மின்னை 48 வோல்ட் அளவில் அப்படியே வீட்டு விளக்கிற்கும் விசிறிக்கும் செலுத்தும் முறை உருவாயிற்று. அஃது இராசத்தான் சிற்றூர்களில் சில ஆயிரம் வீடுகட்கு ஒளியேற்றியது. அங்குள்ள ஏழைக்கு அது கிட்டியதில் மகிழ்ச்சியே. ஆனால் 1931-இலேயே மின்தொடரி கண்ட தாம்பரத்தின் தெருக்களுக்கு, பக்கத்திலேயே விளைந்த அறிவைக் கொண்டுசேர்க்கத் தமிழக அரசு வகுத்த பெருந்திட்டம் எங்கே?

தில்லியின் செயலோ இன்னும் விந்தை! ஆற்றல் சிக்கனச் சட்டம் 2001-இல் வந்தது. விண்மீன் முத்திரைத் திட்டம் 2006-இல் வந்தது. கூரை விசிறிக்கு அது கட்டாயமானதோ 2023 சனவரியில்! சந்தையின் மிகச் சிறந்த பொருளையே பிற ஆலைகட்கும் இலக்காக்கும் சட்டத்தைச் சப்பான் 1998-இலேயே இயற்றிவிட்டது. வந்த முத்திரையும் ஆங்கிலத்தில்! மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடையில் விசிறி வாங்கும் கூலித் தொழிலாளி அதனை எவ்வாறு படிப்பார்? படிக்கவியலாத முத்திரை எவர்க்கு வழிகாட்டும்? வாங்குவோர் கேளாத சிறப்பை விற்போர் ஏன் ஆக்குவர்?

தமிழர்காள்! தரவிதி தனியே நின்றால் ஏடு; நல்கை தனியே நின்றால் செலவு; ஆராய்ச்சி தனியே நின்றால் காட்சிப்பொருள். மூன்றும் இணைந்தாலன்றிப் புதுமை விளையாது. படிப்படியாய் உயரும் தரவிதி, சிறந்ததையே வாங்கும் அரசுக் கொள்முதல், விலைமிகையை ஏற்கும் மின்வாரியம், சிக்கனப் பொருளுக்கு வரிக்குறைப்பு, தமிழில் முத்திரை: இவ்வைந்தையும் ஒருங்கே கேளுங்கள். ஒன்றைத் தந்து நான்கை மறைப்பாரிடம் ஏமாறாதீர்! தமிழன் அறிவு தமிழன் வீட்டில் சுழலும் நாளே ஆட்சி தமிழர்க்கான ஆட்சியாகும்.